இரண்டடி தள்ளியிருந்த கல்

ஒரகடம் லாரித் தொழிற்சாலையிலிருந்து நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் அங்கே மனிதவளப் பிரிவில் வேலை செய்யும் மாரிச்செல்வி என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என்னைப் பார்த்ததுகூடக் கிடையாது.

"சார், ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரணும். நீங்க நேபாளத்துல ரொம்ப நாள் இருந்தியளாமே? டூரிஸ்ட்காரங்க போகாத ஊரு, கோயிலுன்னு எழுதுனா நல்லாருக்கும். படிக்கிறவங்களுக்கு ஜாலியா இருக்கணும் சார்."

"ஜாலியா வேணுமாம்மா?"

"ஆமா சார். போட்டோ இருந்தா ரெண்டு அனுப்புங்க."

என்னிடம் இருக்கும் நேபாளப் புகைப்படங்கள் எல்லாம் உடைந்த பிரேக்கின் படங்கள். கோயிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள என்கூட யாரும் வந்ததில்லை. சரி, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்.

ஐ.டி.ஐ. படித்தது, குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லாரிக்கு அடியில் படுத்தே பத்துப் பதினைந்து வருடம் கழித்தது, ஒரகடத்தில் கம்பெனி வந்ததும் சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறியது, இதெல்லாம் என் வயதுக்காரர்கள் பாதிப்பேருடைய கதைதான். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. என் பிரிவு பிரேக். ஓடுகிற வண்டியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், நிற்க வேண்டிய வண்டியைப் பற்றி நாங்கள் நாலைந்து பேர்தான் கவலைப்படுவோம்.

எங்கள் லாரிகள் நேபாளத்துக்கும் போகும். அங்கே ஒரு வண்டியில் ஏதாவது கெட்டுப்போனால், அது பாகத்தின் குற்றமா, ஓட்டியவரின் குற்றமா என்று நேரில் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் திறமை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் மற்ற எல்லோரும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது, அதனால் எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போனது. போனால் இரண்டு மூன்று மாதம் இருப்பேன், வந்து கொஞ்ச நாள் கழித்து மறுபடி போவேன். இப்படி ஆறு வருடம்.

என் மேலதிகாரி எட்வின் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்த மாட்டார். எங்கள் ஆய்வு அறிக்கைக்கு அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. தாளின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'கண்டது', அதைப் பேனாவால் எழுத வேண்டும். வலது பக்கம் 'கருதியது', அதைப் பென்சிலால் எழுத வேண்டும். நினைத்ததை அழிக்கலாம், பார்த்ததை அழிக்கக் கூடாது. இதுதான் சட்டம். அறிக்கை கைக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்துப் படிப்பார். ஸ்கேல் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் அங்கே தப்பு என்று அர்த்தம்.

ஒரு முறை ஓட்டுநர் குடித்திருந்தார் என்று இடது பக்கம் எழுதிவிட்டேன். ஸ்கேல் நின்றது.

"பாத்தியா, நெனச்சியா?"

"வாசனை அடிச்சுது சார்."

"அப்ப வாசனை அடிச்சுதுன்னு பேனாவுல எழுது. குடிச்சான்றது பென்சிலு. அவன் சட்டையில எவனாவது ஊத்தியிருப்பான், உனக்குத் தெரியுமா?"

அந்த வார்த்தையை நான் கடைசிவரை மறக்கவில்லை. இடத்தைப் பார்க்காமல் பாகத்தைப் பார்க்காதே என்பார். வண்டி எங்கே நின்றதோ அங்கேயே கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கச் சொல்வார். முதல் அறிக்கை, சம்பவ இடத்திலிருந்தே, மதியத்துக்குள் அவருக்கு வந்துவிட வேண்டும். ஆற அமர உட்கார்ந்தால் கண்ணை மூளை ஏமாற்ற ஆரம்பித்துவிடும் என்பது அவர் கட்சி.

இனி மாரிச்செல்வி கேட்ட ஊர்களுக்கு வருகிறேன்.

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிறன்று எல்லோரும் வேலைக்குப் போவார்கள். என் மனைவி சரோஜா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஞாயிறு லீவு. அவள் ஆசையாகக் கூப்பிடும்போது நான் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் இருப்பேன். சனிக்கிழமை நான் கூப்பிடும்போது அவள் இருநூறு பேருக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பாள். "அப்பறம் பேசறேன்யா" என்று வைத்துவிடுவாள். அந்த ஆறு வருடமும் எங்கள் பேச்சில் பாதி இந்த ஒரு வாக்கியம்தான்.

ஆக, சனிக்கிழமை முழுவதும் எனக்குப் பேச ஆள் கிடையாது. முதல் சில வாரங்கள் காட்மாண்டுவில் எல்லோரும் போகிற அரண்மனைச் சதுக்கங்களைப் பார்த்தேன். அங்கே கூட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்பது இன்னும் கொடுமையாக இருந்தது. டீலரின் கிடங்கைப் பார்த்துக்கொண்ட நேவார் இனத்துப் பெரியவர் ஒருவர்தான் வழி காட்டினார். நேவார்கள் அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள். அந்தச் செங்கல் ஊர்களையும், அடுக்குக்கூரைக் கோயில்களையும், மரச் சன்னல்களையும் செய்தவர்கள் அவர்கள்தான். "பஸ் போகும் கடைசி நிறுத்தம் வரைக்கும் போங்கள். அங்கேதான் எங்கள் ஊர்கள் இருக்கின்றன" என்றார்.

அப்படித்தான் போனேன். திமியில் தெருவெல்லாம் பச்சைமண் பானைகள் காயும். கால் வைக்க இடம் தேடிக் குறுக்கும் நெடுக்குமாகத்தான் நடக்க வேண்டும். கோக்கனாவில் நுழையும்போதே கடுகெண்ணெய் வாசனை மூக்கில் ஏறும். புங்கமதியில் மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து உளிச் சத்தம் வரும். செதுக்குகிறவர்கள் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். சாங்குவில் நிலநடுக்கத்தில் பாதி விழுந்த வீடுகளுக்கு மரத்தால் முட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்த முட்டுகளுக்கு அடியில் துணி துவைத்துக் காயப்போட்டு வாழ்க்கை பாட்டுக்கு நடந்தது. எந்த ஊரிலும் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ கேட்க வாயைத் திறக்கும்போதுதான் அன்றைக்கு என் குரலை நானே முதல்முறை கேட்பேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த ஊர் பனௌதி. காட்மாண்டுவிலிருந்து கிழக்கே, இரண்டு ஆறுகள் சேருகிற மூலையில் இருக்கிறது. நடுவில் மூன்றடுக்குக் கூரையுடன் இந்திரேசுவரர் கோயில். நம் ஊர்க் கோயிலில் கல் பாரம் தாங்கும். அங்கே சுவரிலிருந்து சாய்வாகக் கிளம்பும் மரக்கட்டைகள் அவ்வளவு பெரிய கூரையைத் தாங்குகின்றன. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு தெய்வம் செதுக்கியிருக்கிறது. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், பாரம் எப்படி இறங்குகிறது என்று பார்த்தே அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஊரே ஒரே பாறைமேல் நிற்கிறது, அதனால்தான் நிலம் ஆடினாலும் பனௌதி ஆடாது என்று அங்கே நம்புகிறார்கள். கடையில் உளுந்தை அரைத்துத் தட்டையாக ஊற்றிச் சுட்டுத் தருவார்கள், பாரா என்று பெயர். நம் ஊர் உளுந்தடைக்குத் தம்பி. அதைச் சாப்பிடும்போது மட்டும் யாரோ தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது மாதிரி இருக்கும்.

சரோஜாவின் பிறந்த ஊர் மணிமங்கலம். அங்கே சோழர் காலத்துக் கோயில்கள் இருக்கின்றன. ஒரு தடவை இதைச் சொல்லித்தான் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாயா இது, எங்கூர் கோயிலுக்கு வான்னு பதினஞ்சு வருசமா கூப்புடறேன், வர்ல. அங்க மட்டும் கோயில் கோயிலா சுத்திக்கினு கீற?"

"இங்க வேற வேலை இல்ல சரோ."

"இங்க வந்தா மட்டும் இருக்குதா? பேப்பர் படிக்கற, தூங்கற. வா, கூட்டிக்கினு போறேன்."

போகலாம் என்றேன். மாரிச்செல்வி, ஜாலியான பகுதி இத்தோடு முடிந்தது.

எட்டு வருடத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை, பனௌதியில் எங்கள் லாரி ஒன்று உருண்டுவிட்டது என்று செய்தி வந்தது. வேலைக்கும் அந்த ஊருக்கே போகிறோமே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது.

சரிவான செங்கல் தெரு. மேலே நிறுத்தியிருந்த சிமென்ட் லாரி பின்பக்கமாக உருண்டு, கீழே தெருமுனையில் இருந்த பழைய சாவடியில் மோதி நின்றிருந்தது. சாவடியின் செதுக்குத் தூண் ஒன்று முறிந்துபோயிருந்தது. அங்கே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த தையற்காரருக்கு ஒரு கால் உடைந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஓட்டுநர் பெயர் துளசிலால். முப்பத்தைந்து வயதிருக்கும். அதே தெருவில்தான் அவன் வீடு. காலைச் சாப்பாட்டுக்காக வீட்டு வாசலோரம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறான். நான் போனபோது வாசற்படியில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி லட்சுமி மாயா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"பிரேக் போட்டேன் தாஜு" என்றான். தாஜு என்றால் அண்ணன். எனக்கும் அவனுக்கும் பொதுவான மொழி அரைகுறை இந்திதான். "போட்டேன். காற்றுப் போகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் இறங்கினேன்."

லாரியில் நிறுத்தும் பிரேக்கைக் காற்று பிடிப்பதில்லை. காற்று வெளியேறியதும் உள்ளே இருக்கும் கனமான ஸ்பிரிங்தான் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். சத்தம் கேட்டது என்றால் அவன் பிரேக் போட்டிருக்கிறான். ஆனால் அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. அதனால் அது பேனாவுக்கு வராது. அவன் வேலை, உரிமம், அந்தத் தெருவில் அவன் பெயர் எல்லாம் நான் எழுதப்போகிற தாளில்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

சரிவை அளந்தேன். துளசிலால் வண்டியை நிறுத்தியிருந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன். சுற்றிலும் பார்த்தேன். சக்கரம் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, அவன் வீட்டு வாசலுக்கு நேராக, தெருவில் ஒரு கல் பதித்திருந்தது. அரைச் சாண் உயரம். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஒரகடத்தில் எந்த லாரிக்காரனும் அப்படி ஒரு கல்லைப் பார்த்தால் விடமாட்டான், டயரை அதில் முட்டி நிறுத்திவிட்டுத்தான் டீ குடிக்கப் போவான். இவன் ஏன் செய்யவில்லை?

கேள்வி மனதில் வந்தது. அவன் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். நான் கேட்கவில்லை. மதியம் ஆகிக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: 'சக்கரத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தத் தகுந்த, தரையில் உறுதியாகப் பதித்த கல் இரண்டடி தூரத்தில் இருந்தது. ஓட்டுநர் அதைப் பயன்படுத்தவில்லை.' தாளைப் படமெடுத்து எட்வின் சாருக்கு அனுப்பினேன். அவருடைய ஸ்கேல் எங்கும் நிற்காது என்று ஒரு திருப்தி. கண்ணால் பார்த்ததைத்தானே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, இன்னொரு வண்டியை வைத்து இழுத்து, லாரியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். பின்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் போட்ட நிலையில் சக்கரம் சுற்றக் கூடாது. சுற்றினால் கோளாறு. சரிவில் பாரவண்டியைத் தூக்க ஜாக்கிக்கு அடியில் உறுதியான தளம் வேண்டும். செங்கல் தரை அமுங்கியது. எனக்கு உடனே அந்தக் கல் ஞாபகம் வந்தது. வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி, அச்சு கல்லுக்கு மேலே வருமாறு நிறுத்தச் சொல்லி, ஜாக்கியைக் கல்லின்மேல் வைத்து ஏற்ற ஆரம்பித்தேன். நல்ல தளம் கிடைத்துவிட்ட குஷியில் சுற்றிலும் பேச்சு நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஒரு கை வந்து ஜாக்கியின் கம்பியைப் பிடித்தது. லட்சுமி மாயா. அவள் கத்தவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். என்னோடு வந்திருந்த கிடங்குப் பெரியவர் ஓடிவந்து என் காதருகில் சொன்னார். நேவார் வீடு ஒவ்வொன்றின் வாசலுக்கு முன்னாலும் அப்படி ஒரு கல் இருக்குமாம். அதுதான் வீட்டைக் காக்கும் தெய்வம். விடிந்ததும் அதைக் கழுவிப் பொட்டு வைத்து அரிசி போட்ட பிறகுதான் வீட்டுக்குள் பூசை. அதன்மேல் கால் படக் கூடாது, தாண்டக்கூட மாட்டார்கள். எத்தனை சனிக்கிழமை அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். கூரைக்கட்டைகளை அண்ணாந்து பார்த்தேனே தவிர, காலடியில் இருந்ததைப் பார்க்கவில்லை.

ஜாக்கியை இறக்கினேன். அடித்தகட்டின் விளிம்பு பட்டுக் கல்லின் ஓரத்தில் பிறைபோல ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. மண்டியிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். கிரீஸை என் சட்டையாலேயே துடைத்தேன். துளசிலால் வாசற்படியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏன் டயரை அந்தக் கல்லில் முட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாமி மேல் டயர் படக் கூடாதென்று வேண்டுமென்றே இரண்டடி ஒதுக்கி நிறுத்தியிருக்கிறான். நேற்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

பலகைகளை அடுக்கிச் சக்கரங்களைத் தூக்கினோம். வலது சக்கரம் அசையவில்லை. இடது சக்கரம் ராட்டை மாதிரி சுற்றியது. சரிவில் அவ்வளவு பாரத்தை ஒரு சக்கரம் தனியாகப் பிடித்துவைக்க முடியாது. பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் உள்ளே ஸ்பிரிங் இரண்டு துண்டு. முறிவில் பாதி பழைய துரு, பாதி புதுசு. பல நாளாகவே விரிசல் இருந்திருக்கிறது. ஓட்டுநர் வெளியிலிருந்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இதையும் பேனாவால் எழுதினேன். பிறகு எட்வின் சாருக்குப் போன் செய்தேன்.

"சார், அந்தக் கல் வரிய எடுத்துடணும். அது கல் இல்ல சார், சாமி."

"நேத்து பாத்தப்ப கல்லா இருந்துச்சா, சாமியா இருந்துச்சா?"

"கல்லாதான் இருந்துச்சு."

"பாத்தத எழுதின. பேனாவுல எழுதினத அழிக்கறது கிடையாது, தணிகாசலம்." பிறகு அவரே சொன்னார். "இப்ப நீ சொல்றத வலது பக்கம் பென்சில்ல எழுதிக்கலாம். ஆனா தப்பு யாருதுன்னு முடிவு பண்ற கமிட்டிக்காரங்க வலது பக்கம் படிக்கவே மாட்டாங்க. சரிவுல முட்டு வைக்கணும்னு மேனுவல்ல இருக்குது, முட்டு பக்கத்துலயே இருந்துச்சுன்னு நீ எழுதியிருக்க. அதோட முடிச்சிருவாங்க. மாத்தணும்னா ஒரே வழிதான். இன்னும் ஒரு வாரம் அங்கயே இரு. தெருக்காரங்ககிட்ட வாக்குமூலம் வாங்கு, புது அறிக்கை போடு. நான் சண்ட போடறேன். இருக்கியா?"

மறுநாள் சனிக்கிழமைக்கு எனக்கு விமான டிக்கெட் இருந்தது. நான் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த வாரம் சரோஜா போனில் அழுதிருந்தாள். "இந்த ஞாயித்துக்கெழமயாவது வூட்ல இருய்யா. செவுத்தோட பேசிக்கினு கீறேன்" என்றாள். அவள் லேசில் அழுகிறவள் இல்லை.

"பென்சில்ல எழுதிடறேன் சார்" என்றேன்.

"சரி" என்றார். அந்தச் சரியில் அவருக்கும் ஒரு நிம்மதி இருந்தது என்று இன்றுவரை நினைக்கிறேன். அது பென்சில் சமாசாரம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். மூன்று மாத அசதியில் பாதி நாள் தூங்கிவிட்டேன். மணிமங்கலம் போகவில்லை.

கமிட்டி என்ன முடிவு செய்தது என்பதைக் கிடங்குப் பெரியவர் இரண்டு மாதம் கழித்துச் சொன்னார். எட்வின் சார் சொன்னபடியே நடந்தது. ஸ்பிரிங் கெட்டிருந்தது உண்மை, ஆனாலும் முட்டு வைக்காதது ஓட்டுநரின் பொறுப்பின்மை. முதலாளி துளசிலாலை நிறுத்திவிட்டார். உரிமமும் போய்விட்டது. தையற்காரரின் கால் கூடிவிட்டது, சாவடிக்குப் புதுத் தூண் செதுக்கி வைத்துவிட்டார்கள். நான் அதற்குப் பிறகு இரண்டு வருடம் நேபாளம் போய்வந்தேன். எல்லா ஊருக்கும் போனேன், பனௌதிக்கு மட்டும் போகவில்லை.

சரோஜா போய் மூன்று வருடம் ஆகிறது. நெஞ்சுவலி, ஒரே நாள். நான் ஓய்வு பெறும்போது எனக்கு மாலை போட்டுச் சேரப்பணஞ்சேரி வரை கம்பெனி வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். பூட்டைத் திறந்து உள்ளே போய், மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் கோயிலுக்குத் தனியாகப் போனேன். அவளோடு போயிருக்க வேண்டிய இடத்தில் அவள் இல்லாமல் நிற்பது தண்டனை மாதிரி இருந்தது. அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் துளசிலால் ஞாபகம் வந்தது. சரோஜாவிடம் இனி ஒன்றும் செய்ய முடியாது. அவனிடம் போய் நிற்கவாவது முடியும்.

இந்தப் பங்குனியில் போனேன். இந்த முறை கம்பெனி அனுப்பவில்லை. பழைய பழக்கம், சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் பனௌதிக்கு பஸ் ஏறினேன். தெரு அப்படியே இருந்தது. லட்சுமி மாயா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஜாக்கிக்காரர்" என்றாள்.

காலையில் பூசை செய்த கல் ஈரமாக இருந்தது. ஓரத்தில் நான் பெயர்த்த பிறையில் செந்தூரம் கெட்டியாகப் படிந்திருந்தது. வழவழப்பான கல்லில் பொட்டு நிற்காதாம், அந்தப் பள்ளத்தில் நன்றாக ஒட்டுகிறதாம். அவள் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. என்னால் அதற்கு மேல் அந்தக் கல்லைப் பார்க்க முடியவில்லை.

துளசிலால் எங்கே என்று கேட்டேன்.

"கத்தாரில். ஏழு வருடமாகிறது. இங்கே யாரும் வண்டி கொடுக்கவில்லை. அங்கே கட்டட வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார்." கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளே போய்ப் பாரா சுட்டுக்கொண்டுவந்து வைத்தாள். நான் கேட்காமலே பேசினாள். "அவருக்கு அங்கே வெள்ளிக்கிழமை லீவு. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, சனிக்கிழமைதான் லீவு. நான் கூப்பிட்டால் அவர் வேலையில் இருப்பார். அவர் கூப்பிட்டால் நான் பெருக்கிக்கொண்டிருப்பேன்."

பாராவைக் கீழே வைத்துவிட்டேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக நான் பென்சிலை எடுத்தேன். அதற்கு இவர்கள் ஏழு வருடச் சனிக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறார்கள்.

அவனிடம் பேச வேண்டும் என்றேன். அவள் கூப்பிட்டுப் போனை என்னிடம் தந்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னேன். "துளசி, நான் தப்பாக எழுதிவிட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"தாஜு, சூப்பர்வைசர் பார்க்கிறான். அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டான்.

என் நம்பரை அவளிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, கல்லைச் சுற்றி ஒதுங்கி நடந்து தெருவில் இறங்கினேன். வரும் வழியில் கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

மூன்று வெள்ளிக்கிழமைகள் நான் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. பால் வாங்கப் போனால்கூடப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நாலாவது வெள்ளிக்கிழமை மதியம் அவன் கூப்பிட்டான். பயணத்தில் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. எட்டு வருடத்துக்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்விதான் வாயில் வந்தது.

"அன்றைக்கு டயரை ஏன் அந்தக் கல்லில் முட்டி நிறுத்தவில்லை, துளசி?"

சாமிக் கல் என்று சொல்வான், கேட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் இருந்தேன்.

"நிறுத்தியிருக்கலாம் தாஜு" என்றான். "இங்கே படுத்துக்கொண்டு தினமும் அதைத்தான் நினைக்கிறேன். சாமி என்ன கோபித்துக்கொள்ளவா போகிறது? ஒரு தடவை முட்டி நிறுத்தியிருந்தால் இன்றைக்கு வீட்டில் இருப்பேன். எல்லோரும் சொன்னார்கள், காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. என் தப்புதான்."

அந்த ஒரு வரி அவன் வேலையை எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியும். தெய்வத்தின்மேல் டயர் படாமல் ஒதுங்கி நின்ற மனிதனை, படவிட்டிருக்கலாமே என்று ஏழு வருடம் நினைக்க வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

"இல்லை" என்றேன். இந்தியில் எனக்கு வார்த்தை வரவில்லை. தமிழிலேயே கத்திவிட்டேன், "இல்லடா, நீ நிறுத்துனது கரெக்டு. ஸ்பிரிங் ஒடஞ்சிருந்தது. நான்தான் தப்பா எழுதிட்டேன்." பிறகு தட்டுத்தடுமாறி இந்தியில் அதையே சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் அழுதானா, வெறுமனே மூச்சு விட்டானா என்று தெரியாது. பேனாவால் எழுத முடிந்தது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

"இன்னொரு தடவை சொல்லுங்கள் தாஜு" என்றான்.

சொன்னேன்.

"லட்சுமியிடமும் சொல்வீர்களா?"

"சொல்கிறேன்."

போனை வைக்கும் முன் தயங்கினான். "வெள்ளிக்கிழமை இங்கே அறையில் சும்மாதான் இருப்பேன். அடுத்த வாரமும் கூப்பிடட்டுமா? உங்களுக்கு அன்றைக்கு லீவு உண்டா?"

"எனக்கு எல்லா நாளும் லீவுதான், கூப்பிடு" என்றேன்.